கூடலினின்று வஞ்சிக்கு: கம்பம் பள்ளத்தாக்கு வழியும் நாட்கணக்கும்

சிலப்பதிகாரம் மூன்று தலைநகரங்களின் பெயரால் மூன்று காண்டங்களாக வகுக்கப்பெற்றுள்ளது. அந்நகரங்களுக்கிடையே மாந்தர் இயங்கிய வழிகளையும் அந்நூல் கூறுகின்றது. ஆயின் எல்லா வழிகளையும் ஒரு தன்மையாகக் கூறவில்லை. புகாரினின்று உறையூர் வழியாக மதுரைவரை கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்த வழி, ஊரும் சோலையும் ஆறும் தங்கிடமும் விளங்க விரித்துரைக்கப்பெற்றுள்ளது. மதுரையினின்று மேற்கே கண்ணகி தனித்து நடந்த வழியோ சில அடிகளில் முடிந்துவிடுகின்றது. முன்னையது சோழர் தலைநகரையும் பாண்டியர் தலைநகரையும் இணைக்கும் வழி. பின்னையது பாண்டியர் தலைநகரையும் சேரர் மலைநாட்டையும் இணைக்கும் வழி. இவ்விரண்டாம் வழி இன்றைய தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊடே சென்றதென்பது பலர் கொண்ட கருத்து. நாமும் அதனையே உடன்படுகின்றோம். எனினும் அக்கருத்துக்குக் காட்டப்பெறும் சான்றுகள் எத்துணை வலியுடையன, எவ்விடத்தே மெலிந்து நிற்கின்றன என்பதை நிலத்தையும் நாட்கணக்கையும் கொண்டு அளந்து பார்த்தல் வேண்டும். அவ்வளவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு தலைநகரங்களுக்கிடையே நெடுவழி செல்லக் கருதுவான் முன்னரே அறிந்துகொள்ள வேண்டுவன சில உள. வழி எங்கே பிரிகின்றது, எப்பிரிவு எத்தகைய நிலத்தின்வழிச் செல்கின்றது, எப்பருவத்தில் செல்லலாம், இடர் யாது, ஒரு நாளில் எவ்வளவு கடக்கலாம் என்பன அவை. இன்று பாரிசினின்று உரோமைக்குப் புகைவண்டியிற் செல்ல எண்ணும் ஒருவன் கால அட்டவணையைப் புரட்டி இவற்றையெல்லாம் வீட்டிலிருந்தே அறிந்துகொள்கின்றான். ஆல்ப்சு மலையைக் குடைந்து பிரெஜூசு சுரங்கம் 1871-இல் திறக்கப்பெறுவதற்கு முற்பட்ட காலத்தில், அதே வழியிற் சென்றவன் பருவம் கேட்டும், வழி கேட்டும், மோன்சனிக் கணவாயின் பனி கேட்டும் புறப்பட வேண்டியவனாயிருந்தான். வழி கேட்டல் என்பது அச்சிட்ட அட்டவணைக்கு முந்திய கலை. அக்கலையின் மிகப் பழைய தமிழ் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று காடுகாண் காதையில் வரும் மாங்காட்டு மறையோன் கூற்றாகும்.

உறையூரைக் கடந்து ஒரு சோலையில் தங்கியவிடத்து, மதுரைக்கு வழி யாதெனக் கோவலன் வினவுகின்றான். மறையோன் விடை கூறும் முறையை உற்று நோக்குதல் தகும். அவன் முதலிற் பருவத்தைக் கூறுகின்றான். வேனிலால் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையின் வடிவம் கொண்டிருக்கும் காலத்தே மனைவியொடு புறப்பட்டாயே என இரங்குகின்றான். பின்னரே வழி பிரியும் இடத்தைச் சுட்டுகின்றான். கொடும்பாளூர்க் குளத்தருகே அது மூன்றாகப் பிரியும் என்கின்றான். வலப்பக்கத்து வழியிற் சிறுமலை தோன்றும். அதனை வலத்தே வைத்துச் செல்க என்கின்றான். இடப்பக்கத்து வழி திருமால் குன்றத்தை அடுத்துச் செல்வது. அங்குள்ள பிலமும் பொய்கைகளும் அவற்றின் பயனும் கூறி, செல்வோரை வினவும் தெய்வமும் ஆண்டுண்டு என்கின்றான். நடுவழி ஊரும் காடும் கலந்த நேர்வழி. ஆயினும் வழிச்செல்வோரை இடர்ப்படுத்தும் கானுறை தெய்வம் ஒன்றுண்டு என எச்சரிக்கின்றான். புராணச் செய்திகளை நீக்கிவிட்டு நோக்கினும், மலையை எப்பக்கத்தே வைத்துச் செல்வதென்று கூறும் அவ்வொரு குறிப்பு, வழி நடந்து பழகியவன் வாய்ச்சொல்லாகவே தோன்றுகின்றது. இன்றும் நாட்டுப்புறத்தார் வழி கூறுங்கால் மலையையும் குளத்தையும் வலம் இடமாகவே சுட்டுவர்.

ஈண்டு ஆய்வாளர் பலரும் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. இம்மறையோன் யாண்டையன்? தன் ஊர் குடமலையைச் சார்ந்த மாங்காடு என்று அவனே கூறுகின்றான். திருவரங்கமும் திருவேங்கடமும் காணப் புறப்பட்டவன், வரும் வழியிற் பாண்டிய நாட்டின் சிறப்பைக் கண்டு மகிழ்ந்ததாகவும், அதனாற் பாண்டியனை வாழ்த்தியதாகவும் கூறுகின்றான். குடமலை என்பதைக் குடகு எனக் கொள்வாரும் உளர். குடகினின்று திருவரங்கம் செல்வான் கொங்கு நாட்டின்வழிக் காவிரியைப் பற்றி இறங்குதலே இயல்பு. பாண்டிய நாட்டைக் காண வேண்டுவதில்லை. பாண்டிய நாட்டைக் கண்டு வந்தான் எனின், அவன் மேற்குமலைத் தொடரைப் பாலைக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கடந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் கடக்கத்தக்க வாயில்கள் சிலவே. தெற்கே செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு வழி ஒன்று. வடக்கே கம்பம் பள்ளத்தாக்கினின்று மேலேறும் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழிகள் மற்றையன. இவற்றுள் இன்னதன்வழி வந்தான் என உறுதி கூறுதற்கு நூலுள் இடமில்லை. ஆயினும், சேரர் மலைக்கும் பாண்டியர் நாட்டுக்கும் இடையே வழிப்போக்கர் இயங்கும் நேர்வழி ஒன்று ஆசிரியர் அறிவில் இருந்ததென்பது இதனாற் பெறப்படும். கோவலனுக்கு மதுரை வழியை உரைத்தவனே, கண்ணகி பின்னர்ச் சென்று சேர்ந்த மலைநாட்டினின்று வந்தவன். கண்ணகி அவனைக் கேட்டிருப்பின் அவ்வழியையும் உரைத்திருப்பான். அவள் எவரையும் கேட்டிலள்.

இனி, அவள் சென்ற வழியை நோக்குவாம்.

கணவனொடு கீழைவாயிலிற் புகுந்த நகரினின்று தனியளாய் மேலைவாயிலின் வழியே வெளிப்பட்டாள் என்பதும், இரவு பகல் அறியாதவளாய், மேடு பள்ளம் நோக்காதவளாய், வையையின் ஒரு கரையைப் பற்றி நடந்தாள் என்பதும், நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை மர நிழலில் நின்றாள் என்பதும், பதினான்கு நாள் கழிந்த பின் விண்ணகம் புக்காள் என்பதும் கட்டுரை காதை தரும் செய்திகள். வழிக்குறிப்பு என நாம் கொள்ளத்தக்கன இவற்றுள் மூன்றே: திசை, ஆறு, நாள்.

திசையும் ஆறும் ஒன்றையொன்று முழுதும் ஒத்தன அல்ல என்பதை நிலப்படத்தை விரித்தார் எவரும் காண்பர். வையை மதுரைக்கு மேற்கே நேராக நீண்டு கிடக்கவில்லை. வருசநாட்டு மலையிற் பிறந்து வடக்கு நோக்கி ஓடி, தேனிக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கின் நீரையெல்லாம் திரட்டிவரும் ஆற்றைத் தன்னொடு சேர்த்துக்கொண்டு, வடகிழக்காகச் சென்று, வத்தலக்குண்டுப் பக்கத்தே வளைந்து, தென்கிழக்காகச் சோழவந்தான் வழியே மதுரையை அடைகின்றது. ஆகவே மதுரையினின்று ஆற்றைப் பற்றி மேல்நோக்கி நடப்பவர் முதலில் வடமேற்கே சென்று, பின்னர்த் தென்மேற்கே திரும்ப வேண்டியவராவர். இஃது ஒரு பெரு வளைவு. இவ்வளைவைத் தவிர்த்து நேர்மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டிக் கணவாய் வழியாகத் தேனியை அடையும் வழி குறுகியது. இன்றைய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இக்குறுக்கு வழியையே கொண்டுள்ளன. வழி அறிந்தவர், விரைந்து செல்லக் கருதியவர் குறுக்கு வழியைத்தான் தேர்வர். கண்ணகி ஆற்றைப் பற்றி நடந்தாள் எனக் கூறியதனால், வழி அறியாதாள் ஒருத்தி நீரையே துணையாகக் கொண்டு நடந்த நடையை ஆசிரியர் காட்டினார் என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஆற்றுவழி வெறுங்காடாய்க் கிடந்ததன்று. ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை வையைக் கரையில் உள்ள சிற்றூர். 2006-ஆம் ஆண்டில் அவ்வூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றனைக் கண்டெடுத்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தன எனக் கருதப்பெறும் இவை, எழுத்துடைய நடுகற்களுள் மிகத் தொன்மையானவை. அவற்றுள் ஒன்று, பேடு என்னும் ஊரினனாகிய தீயன் அந்தவன் கூடலூரில் நிகழ்ந்த ஆகோளிற் பட்டான் என்னும் செய்தியைத் தருகின்றது. தொல்காப்பியம் வெட்சித்திணையில் வழங்கும் ஆகோள் என்னும் சொல்லே கல்லில் இருப்பது தமிழ் மாணாக்கர் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது அக்கல்லில் உள்ள ஊர்ப்பெயராகும். கூடல் எனின் மதுரை. கூடலூர் எனின் கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில், மலையடிவாரத்தில், இன்றும் அப்பெயரொடு விளங்கும் ஊர் உண்டு. இரண்டனுள் எதனைக் கொண்டாலும், புலிமான்கோம்பைக்கும் அவ்வூருக்கும் இடையே ஆனிரையும் வீரரும் இயங்கிய வழி இவ்வாற்றை ஒட்டியே இருந்திருத்தல் வேண்டும். மலையடிவாரக் கூடலூரே எனக் கொள்வோமாயின், மேலைப் பள்ளத்தாக்கும் வையைக் கரையும் அக்காலத்தே ஒரு வழியால் இணைந்திருந்தமைக்கு அக்கல் நேர்ச்சான்றாகும். ஆயினும் மதுரையைக் கொள்வாரை மறுத்தற்கு ஏற்ற சான்று கல்லில் இல்லை. பிற்காலத்தே இப்பள்ளத்தாக்கு பாண்டியராட்சியில் நன்கு விளங்கியதென்பதற்குச் சின்னமனூர்ச் செப்பேடுகளே போதும். மதுரையிற் சங்கம் இருத்தியதையும் மாபாரதம் தமிழ்ப்படுத்தியதையும் கூறும் அச்செப்பேடுகளை அறியாத தமிழ் மாணாக்கர் இலர்.

இவ்விடத்தே நம் கருத்துக்கு மாறாக நிற்கும் தடை ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. பழைய மதுரை வையையின் தென்கரையில் இருந்தது. கோவலனும் கண்ணகியும் புறஞ்சேரியை அடையுமுன் புணையேறி ஆற்றைக் கடந்து தென்கரை எய்தினர் என்று நூலே கூறுகின்றது. மேலைவாயிலின் வழியே வெளிப்பட்டவள் ஒரு கரையைப் பற்றி நடந்தாள் எனின், அது தென்கரையாதலே இயல்பு. தென்கரையைப் பற்றி ஆறு தோன்றும் இடம் நோக்கிச் செல்வார், இடையில் ஆற்றைக் கடவாராயின், கம்பம் பள்ளத்தாக்கிற் புகார், வருசநாட்டிற் புகுவர். பள்ளத்தாக்கின் நீர் வையையிற் கலப்பது மேல்கரைப் பக்கத்தே ஆகும். இன்றைய இருப்புப்பாதையும் ஆண்டிப்பட்டியைக் கடந்தபின் குன்னூர்ப் பக்கத்தே வையையைப் பாலத்தாற் கடந்தே தேனி சேர்கின்றது. கண்ணகிக்குப் பாலம் இல்லை. மதுரை எரியுண்டது ஆடித் திங்கள் என்பது நூற்கூற்று. அத்திங்களில் மேலை வையையில் நீர் குறைவு, நடந்தே கடக்கலாம் என்று விடை கூறுதல் இயலும். புணையின்றிக் கடக்கவொண்ணாத ஆறு மதுரையருகே இருந்த அதே பருவத்தில், மேலே அங்ஙனம் இருந்ததா என வினவுவார்க்கு அவ்விடை நிறைவு தாராது. கிளையாறுகள் வந்து கலக்குமிடத்திற்கு மேலே வையை மெலிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே கடந்தாலும், பின்னர்க் கிளையாற்றின் கரையைப் பற்றியே நடக்க வேண்டும். முல்லையாறும் சுருளியாறும் வையை என்னும் பெயராலேயே புலவரால் வழங்கப்பெற்றன என்று கொண்டாலன்றி இவ்விடம் முற்றும் தெளிவுறாது. நெடுந்தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஆற்றின் பெயர் ஒன்றே என்பது நம் கருத்து. வருசநாட்டு மலையிலேயே நெடுவேள் குன்றத்தைத் தேட வேண்டும் என ஒருவர் கூறுவாராயின், இவ்வொரு சான்றளவில் அவரை மறுத்தல் அரிது.

நாட்கணக்கு இதனினும் தெளிவானது. ஆற்று வளைவையும் சேர்த்து மதுரையினின்று கூடலூர் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவினது எனக் கொள்வோம். பதினான்கு நாளில் நாளொன்றுக்குப் பதினொரு கி.மீ. அளவே நடக்க வேண்டும். இது கடுநடையன்று. ஆனால் பதினான்கு நாள் என்பது நடந்த நாட்கள் மட்டுமல்ல. மலையேறி வேங்கை நிழலில் நின்ற காலமும் அதனுள் அடங்கும். ஆதலின் அது மேலெல்லையே ஆகும். பத்து நாளில் நடந்தாள் எனினும் நாளொன்றுக்குப் பதினைந்து கி.மீ.; அதுவும் இயலாததன்று. புகாரினின்று புறப்பட்ட காலத்தே அவர்கள் நாளொன்றுக்குக் காவதத்தின்மேற் செல்லாது, பன்னாள் தங்கிச் சென்றனர் என்று நாடுகாண் காதை கூறும். அந்நடை கணவனொடு சென்ற மெல்லியலாளின் நடை, இந்நடை அதுவன்று.

காவதத்தின் அளவு யாது என்னும் வினா இங்கே எழும். அகராதிகள் காதம் பத்து மைல் என்று பொதுவாகக் கூறும். உரையாசிரியர் ஒருவர் தரும் கணக்கு இதனொடு பொருந்தவில்லை. அவ்வுரையாசிரியர் அடியார்க்கு நல்லார். வழி வரலாற்றை ஆராய்வார் அனைவரும் அவருடைய உரைப்பகுதி ஒன்றனை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

வஞ்சிக் காண்டத்திற்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைத்திலது. ஆயினும் பதிகத்தின் உரையில், குன்றக் குறவர் கண்ட குன்றம் எதுவென அவர் ஆராய்கின்றார். அதனைத் திருச்செங்கோடு என்பாரை மறுத்து, கொடுங்கோளூரை அடுத்த செங்குன்றே அஃது என நிறுவுகின்றார். அவர் கூறும் காரணங்கள் இரண்டு. திருச்செங்கோடு வஞ்சிக்கு வடகிழக்கே அறுபது காத வழியில் உள்ளது என்பது ஒன்று. அரசனும் தேவியும் மலை காணப் புறப்பட்டு வந்து, கண்ட அன்றே வஞ்சி புகுந்தனர் ஆதலின் அத்தொலைவு பொருந்தாது என்பது மற்றொன்று. சமயக் கதையையோ தலபுராணத்தையோ துணைக்கொள்ளாமல், திசையும் தொலைவும் நாளும் கொண்டு ஓர் இலக்கிய இடத்தை முடிவு செய்யும் இம்முறை, இற்றை ஆய்வு நெறிக்குச் சிறிதும் குறைந்ததன்று. நாம் இவ்வுரையாசிரியரை இசைக்கும் நாடகத்துக்குமே பெரிதும் புகழ்கின்றோம்; வழிக்கணக்குக்கும் புகழ்தல் வேண்டும்.

இவ்வுரையினின்று அறியத்தக்கன சில. வடகிழக்கு என்னும் திசையே அவர் கொண்ட வஞ்சி எது என்பதைக் காட்டிவிடுகின்றது. கருவூரினின்று நோக்கின் திருச்செங்கோடு வடமேற்கே உள்ளது. கொடுங்கோளூரினின்று நோக்கினாற்றான் வடகிழக்கே உள்ளது. மு. இராகவையங்காரும் இரா. இராகவையங்காரும் கருவூரையே வஞ்சி என நிறுவ முயன்றனர், கனகசபைப் பிள்ளை கோதமங்கலத்தை அடுத்த திருக்கருவூரைக் கொண்டார், கே. ஜி. சேஷையர் திருவஞ்சைக்களப் பக்கமே நின்றார். அவ்வழக்கினுள் நாம் இங்கே முழுதும் புகவில்லை. உரையாசிரியர் காலத்தே வஞ்சி மேலைக் கடற்பக்கத்ததாகக் கருதப்பெற்றது என்பதளவே நமக்கு வேண்டும். மேலும், கொடுங்கோளூரினின்று பாலைக்காட்டு வழியே திருச்செங்கோடு ஏறத்தாழ 270 கி.மீ. ஆகும். அது அறுபது காதம் எனின் ஒரு காதம் நான்கரை கி.மீ. அளவிற்றே. பத்து மைல் காதம் எங்கே, இஃது எங்கே! உரையாசிரியர் ‘அறுபது’ என்றது மிகுதி குறித்த வழக்காகவும் இருக்கலாம். எனினும், காதத்தை ஒரே அளவினதாகக் கொண்டு பழைய வழிகளை அளந்து கட்டுரை எழுதுவார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இனி முதன்மையான வினாவுக்கு வருவாம். கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் கூடும் மலைமுகட்டில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், மங்கலதேவி கோட்டம் எனச் சிதைந்த கற்றளி ஒன்றுள்ளது. அதனையே சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். நூலிற் கண்ட வழியைத் தாமே நடந்து தேடிய அவருடைய உழைப்பு பெரிது. ஏட்டையும் கல்லையும் மட்டும் பாராது நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டியவர் அவர். அக்கோட்டத்தின்மேல் இரு மாநிலத்தாருக்கும் வழக்கு நடந்து வருதலின், இப்பொருள் பற்றி எழுதுவாரிற் பலர் தம் பக்கத்துச் சான்றை மட்டும் திரட்டுகின்றனர். அதனாலேயே அடியார்க்கு நல்லார் கூறிய இரண்டாம் காரணம் இவ்வாய்விற் பெரிதும் பேசப்படுவதில்லை போலும். கண்ட அன்றே வஞ்சி புகுந்தனர் என்பது உண்மையாயின், திருச்செங்கோடு மட்டுமன்று, மங்கலதேவி மலையும் விலக்குண்ணும். கொடுங்கோளூருக்கும் இம்மலைக்கும் இடையே நேர்கோடு இழுத்து அளந்தாலும் நூறு கி.மீ.க்கு மேலாகும்; இடையிற் காடும் மலையும் உள. யானையும் தேரும் பரிவாரமும் கொண்ட அரசன் ஒரே நாளில் மீளுதல் கூடாது. திருக்கருவூரை வஞ்சியாகக் கொள்ளினும் இத்தடை நீங்காது. கருவூரைக் கொண்டாலோ தொலைவு இன்னும் மிகும்.

ஆகவே வினா இதுவாகின்றது: ‘அன்றே’ என்பது யார் கூற்று? காட்சிக் காதையை நாம் பலமுறை படித்துப் பார்த்தோம். மலைவளம் காணக் கருதி அரசன் வஞ்சியினின்று புறப்பட்டமையும், பேரியாற்றங்கரை மணலிற் பாடி கொண்டமையும், குன்றவர் திறைப்பொருள்களொடு வந்து கண்ணகி விண் புக்கதை உரைத்தமையும், சாத்தனார் மதுரைச் செய்தி கூறியமையும், தேவி பத்தினிக் கடவுளைப் பரவ வேண்டும் என்றமையும், வடதிசைச் செலவு பற்றி அவையத்தார் பேசியமையும் அதனுள் வருகின்றன. இவற்றின்பின் வஞ்சி நகர் புக்க பிறகு பறையறைந்தமை கூறப்படுகின்றது. புகுந்தது அன்றா, ஐந்தாம் நாளா என நாள் குறிக்கப்பெறவில்லை. நாள் குறியாமையை அன்றே எனக் கொண்டது உரையாசிரியரின் உய்த்துணர்வு என்றே நாம் கருதுகின்றோம். அவ்வுய்த்துணர்வுக்கு ஒரு காரணமும் புலப்படுகின்றது. காதை ஒன்றனுள் நிகழ்ச்சிகள் இடையறாது தொடர்ந்து செல்கின்றன. இடையில் இரவு கூறப்பெறவில்லை. ஆயின் ஆற்றங்கரையில் அரசன் வீற்றிருந்த இருக்கையின் பெருமையும், குன்றவர் கொணர்ந்த பொருள்களின் நீண்ட அடுக்கும், ஒருபகற் பொழுதுபோக்குக்கு மிகையாகவே தோன்றுகின்றன. தம் நாட்டின் மலையெல்லையில் அரசன் பாடி கொண்டு தங்கித் திறை பெற்ற செலவு அது எனக் கொள்ளுதலே தகும்.

உரையாசிரியரின் முதற்காரணத்தை ஏற்று இரண்டாம் காரணத்தை விலக்கினால், கம்பம் பள்ளத்தாக்கு வழிக்குத் தடை நீங்குகின்றது. தடை நீங்குதல் வேறு, சான்று கிடைத்தல் வேறு. சான்று எனத்தக்கது பேரியாறு. பேரியாறு மேற்குமலைத் தொடரில், மங்கலதேவி மலைக்குத் தெற்கே உள்ள உயர்காட்டிற் பிறந்து, வடமேற்காக ஓடி, மேலைக் கடற்கரையிற் கொடுங்கோளூர்ப் பக்கத்து நீர்ப்பரப்பொடு கலக்கின்றது. வஞ்சியினின்று அவ்வாற்றின் கரையைப் பற்றி மலை நோக்கி ஏறும் அரசனும், மதுரையினின்று வையைக் கரையைப் பற்றி மலை நோக்கி ஏறும் பெண்ணும், நீர்பிரி முகட்டின் இருபுறத்தே வந்து சேர்வர். இவ்வாறு இரு தலைநகரங்களையும் இரண்டு ஆறுகள் ஒரே முகட்டிற்கு அழைத்துவரும் இடம் மேற்குமலையில் வேறில்லை. இப்பொருத்தம் தற்செயலாயிருத்தல் அரிது என்பது நம் துணிபு. அரசன் பாடி கொண்ட மணற்கரை மேலைப் பேரியாற்றுப் பக்கத்ததே எனின், அதனை இன்று தேடிக் காண்டல் இயலாது. 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற பேரியாற்று அணையின் நீர்த்தேக்கம் அப்பகுதியிற் பெரும்பரப்பை மூடிவிட்டது. அவ்வணையின் நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கிக் கூடலூர், கம்பம் வயல்களுக்குப் பாய்ந்து வையையிற் கலக்கின்றது என்பதை ஈண்டுக் குறித்தல் மிகையாகாது.

இவ்வழி பிற்காலத்தும் அடைபடவில்லை. மேற்கே பூஞ்சாற்று அரச மரபினர் தம்மைப் பாண்டியர் வழியினர் எனவும், மதுரையினின்று கூடலூர்ப் பக்கமாக மலை கடந்து சென்றோர் எனவும் கூறிக்கொள்வது வழக்கம். மிளகும் ஏலமும் மலையினின்று கீழிறங்கின. நெல்லும் உப்பும் பொதிமாட்டின்மேல் மேலேறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டலைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை வழியே மலைமுகட்டை அடைந்து, டாப் ஸ்டேஷன் என்னும் அவ்விடத்தினின்று கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியிற் போடிநாயக்கனூர் சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அச்சிறு பாதையை அழித்துவிட்டது. மதுரையினின்று போடிநாயக்கனூர்வரை இருப்புப்பாதை 1928-இல் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பெற்றன. போருக்குப் பின் மீண்டும் இடப்பெற்றன. 2010-ஆம் ஆண்டு இறுதியில் அகலப்பாதையாக்கும் பொருட்டு மூடப்பெற்ற அது, 2022 மே திங்களில் தேனிவரையும், 2023 சூன் திங்களிற் போடிநாயக்கனூர்வரையும் திறக்கப்பெற்றது. அன்று தொட்டுச் சென்னையினின்றே போடிநாயக்கனூருக்கு நேர்வண்டியும் உண்டு. எனினும் பாதை மலையடியில் நின்றுவிடுகின்றது. கம்பம் பள்ளத்தாக்கின் நெடுமைக்கு இருப்புப்பாதை இல்லை. திண்டுக்கல்லினின்று கம்பம் வழியாக மலையடிவரை பாதை வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாக உள்ளது. மதுரையினின்று கொடுங்கோளூர் செல்லக் கருதுவான் புகைவண்டியை நம்பினால் வடக்கே பாலைக்காட்டையோ தெற்கே செங்கோட்டையையோ சுற்றித்தான் செல்லல் வேண்டும். செங்குட்டுவனும் கண்ணகியும் இருபுறத்தினின்று ஏறிய முகடு, தண்டவாளம் அறியாத இடைவெளியாகவே உள்ளது.

நடந்து அளக்கக் கருதும் மாணவர்க்கு ஒரு செய்தி. மங்கலதேவி கோட்டத்துக்கு ஆண்டில் ஒரு நாள், சித்திரை முழுநிலா அன்று மட்டுமே செல்ல இசைவு உண்டு. மேற்கே குமுளியினின்று காட்டுவழியில் ஊர்திகள் செல்கின்றன. கிழக்கே கூடலூரை அடுத்த பளியங்குடியினின்று ஏறத்தாழ ஆறரை கி.மீ. செங்குத்தான நடைவழி. வழியைச் சோதிக்க விரும்புவார் பளியங்குடி வழியையே கொள்ளல் வேண்டும். குமுளி வழியில் ஊர்தியிற் சென்று மீண்டவர் எழுதும் கட்டுரைகளில் மலையின் ஏற்றம் இல்லாமற் போய்விடுகின்றது. நாம் பளியங்குடி வழியே ஏறியபோது, விடியற்காலையிற் புறப்பட்டும் முகட்டை அடைய வெயில் ஏறிவிட்டது. மேலே நின்று கிழக்கே நோக்கின் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் முழுதும் தெரிகின்றன, வையை தெரிவதில்லை. மேற்கே பேரியாற்றுக் காடு.